நானூற்றுப் பதிமூன்றாம் பீப்பாயும் ஏழு மூக்குகளும்

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள் எல்ஸ்பெத்.

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

ஆர்ச்சி மென்னி கடிதத்தை மேசைமேல் வைத்தார். வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டார், கடிதம் சுடுவதுபோல. எல்ஸ்பெத் அடுப்பில் கொதித்த பார்லி சூப்பை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

க்ளென் டாரிக் வடிசாலையின் மாண்புமிகு முகர்வு மன்றம் எழுதியிருந்தது. இந்த ஆண்டு பதினெட்டு வயது நிரம்பும் விஸ்கிகளை முகர்ந்து, சுவைத்து, மதிப்பெண் இடும் வைபவம் வரும் செவ்வாயன்று நடக்கும். நிறுவனர் எழுதிவைத்த உயிலின்படி, மன்றத்தின் ஏழு மூக்குகளில் ஒன்று தொழிலாளியின் மூக்காக இருக்க வேண்டும். குலுக்கலில் திரு. ஆர்ச்சிபால்ட் மென்னியின் மூக்கு தேர்வாகியிருக்கிறது.

"இதுக்கா?" என்றாள் எல்ஸ்பெத். "ஓசியில குடிக்கக் கூப்பிடறாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போவியா, பேய் பிடிச்ச மாதிரி நிக்கற."

"முழுக்கப் படி."

"மூணு நாளைக்கு வெங்காயம் கூடாது. புகை போட்ட மீன் கூடாது. பைப் கூடாது. மனைவியோட சண்டை போடக் கூடாது, கோபம் வந்தா மூக்குத் துவாரம் சுருங்கும்." அவள் நிமிர்ந்தாள். "நான் சண்டை போட்டா?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதல. கடைசிப் பக்கம் பாரு."

கடைசிப் பக்கத்தில் மூன்று எண்கள்தான் இருந்தன. முகரப்படப்போகும் பீப்பாய்கள்: 288, 402, 413.

"நம்பர்தானே?"

"நானூத்திப் பதிமூணு," என்றார் ஆர்ச்சி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, சூப் ஆறிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில் பெண்டாட்டியிடம் சொன்னார்.

ஆர்ச்சி வடிப்புக்காரர். செப்புக் கலத்திலிருந்து சாராயம் வடிந்து வரும்போது அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் வருவது தலை. அது கண்ணை எரிக்கும், ஆகாது. நடுவில் வருவது நெஞ்சு, அதுதான் விஸ்கி. கடைசியில் வருவது வால். அதில் பழைய செருப்பு, ஈர நாய், துவைக்காத காலுறை எல்லாம் இருக்கும். நெஞ்சு முடிந்து வால் தொடங்கும் அந்த நொடியில் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பி, வாலை வேறு தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அவருக்குச் சம்பளமே அந்த ஒரு திருப்பலுக்குத்தான்.

"எண்பத்தெட்டு பிப்ரவரி. இஷ்பெல் பொறந்து மூணு வாரம். வயித்துவலின்னு ராத்திரி பகலா அழுதாளே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? மூணு ராத்திரி ரெண்டு பேரும் கண்ணே மூடல."

"நாலாவது நாள் வியாழக்கிழமை. நாலு மணிக்குக் கைப்பிடியத் திருப்பணும். நான் தூங்கிட்டேன்."

எல்ஸ்பெத் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"முழிச்சுப் பாத்தா அஞ்சு பத்து. வால் முழுக்க விஸ்கியோட போயிடுச்சு. புத்தகத்துல நாலு மணின்னு எழுதிட்டேன். அந்த வடிப்பு நாலு பீப்பாய்ல போச்சு. மூணு பீப்பாய் கலப்பு விஸ்கிக்குப் போயி கரைஞ்சு போச்சு. இது ஒண்ணு மட்டும் மூணாம் கிடங்குல, ஓடைப் பக்கச் சுவரோரமா இருக்கு. ஒவ்வொரு வருஷமும் லிஸ்ட் வரும்போது நம்பர் இருக்கான்னு பாப்பேன். இருக்காது. இந்த வருஷம் இருக்கு."

"ஒரு மணி நேரத் தூக்கம்," என்றாள் எல்ஸ்பெத், "அதுக்குப் போயி—"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அபர்குரோம்பிக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பீப்பாய மோந்துட்டு, இது பக்கத்துல பூனை படுத்திருக்குன்னாராம். போய்ப் பாத்தா படுத்திருந்துச்சாம்."

"கிடங்கு பூரா பூனைதானே ஆர்ச்சி."

ஆர்ச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் இருந்த வீடு வடிசாலையின் வீடு. குற்றம் குறை இல்லாமல் ஓய்வு பெற்றால் சாகும்வரை அதில் இருக்கலாம். வேலை நீக்கம் என்றால் நான்கு வாரத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்ஸ்பெத் நட்ட ராஸ்பெரிச் செடிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"சூப்ல வெங்காயம் போட்டிருக்கேன்," என்றாள் எல்ஸ்பெத். "உனக்கு இல்ல."

*

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மன்றத்தின் வாசலில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். டார்ச் விளக்கைக் கொண்டு ஆர்ச்சியின் மூக்குக்குள் பார்த்தாள்.

"வலது பக்கம் முடி அதிகம்."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்மா."

"எழுதிக்கறேன்."

அவருடைய ஒரே நல்ல கோட்டில் பாச்சை உருண்டை வாசனை இருந்ததால் அதைக் கழற்றி வாங்கி, ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பதிலுக்கு ஒரு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். அது முன்பு இருந்த ஏழாவது மூக்குக்காகத் தைத்தது. மேலாளரின் மைத்துனராகிய அந்த மனிதர் மிகவும் சின்ன ஆள். இருபது வருஷமாகத் தொழிலாளி மூக்காக அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது தீராத சளி பிடித்துவிட்டதாம்.

உள்ளே நீண்ட மேசை. மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க, இறந்துபோன தலைவர்களின் மூக்குகள் வெண்கலத்தில் வார்த்து மாட்டியிருந்தன. மூக்கு மட்டும்தான், முகம் இல்லை. பதினோரு மூக்குகளும் ஆர்ச்சியைப் பார்த்தன. மூக்கால் எப்படிப் பார்க்க முடியும் என்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் பார்த்தன. பதினோராவதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது.

அந்த ஆணிக்குக் கீழே டாக்டர் டார்க்வில் அபர்குரோம்பி உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்து நான்கு. மூக்கின் மேல் சின்னதாக ஒரு கம்பளி உறை. வெளியே காற்று குளிராக இருந்தால் அதைப் போட்டுக்கொள்வார், வேலை தொடங்கும்போதுதான் கழற்றுவார். அவருக்கு வலப்பக்கம் விற்பனை இயக்குநர் க்ரைட்டன். இடப்பக்கம் மன்றத்தின் பதிவாளர் மிஸ் ஸ்ட்ராங், கூர் சீவிய ஆறு பென்சில்களோடு. அவர் முகர்வதில்லை, எழுதுவது மட்டும்தான். மற்ற நான்கு மூக்குகளும் மேசையின் கோடியில் இருந்தன. தலைவர் எதைச் சொன்னாலும் அந்த நாலும் ஒருசேர மேலும் கீழும் ஆடும்.

"உக்காருங்க மிஸ்டர் மென்னி," என்றார் அபர்குரோம்பி. "பயப்படாதீங்க. இங்க யாரும் உங்கள எடை போடப் போறதில்ல. உங்க மூக்க மட்டும்தான்."

முதல் கோப்பைகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி மூடி. வடிசாலையின் ஊற்று நீரை வெள்ளிக் குழாயால் மூன்று சொட்டு விட்டார் மிஸ் ஸ்ட்ராங். நாலாவது சொட்டு விழுந்துவிட்டால் கோப்பையைக் கொட்டிவிட்டு, எல்லோரும் எழுந்து நின்று மறுபடி உட்கார வேண்டும். அன்று அது இரண்டு தடவை நடந்தது.

அபர்குரோம்பி கம்பளி உறையைக் கழற்றினார். கோப்பைக்குள் மூக்கை இறக்கினார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"பிர்ச் மரப்பட்டை," என்றார். "அதுல சாய்ஞ்சு நிக்கற ஒரு பேரிக்காய்."

"பேரிக்காய்தான்," என்றார் க்ரைட்டன். "கொஞ்சம் தயங்கற பேரிக்காய்."

நாலு மூக்குகள் ஆடின.

"மிஸ்டர் மென்னி?"

ஆர்ச்சி முகர்ந்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் சட்டையில், முடியில், சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த வாசனை. "விஸ்கி வாசனை வருது சார்."

பென்சில் நின்றது.

"அந்தச் சொல் பட்டியல்ல இல்ல," என்றார் மிஸ் ஸ்ட்ராங். பட்டியலை அவர் முன் தள்ளினார். அனுமதிக்கப்பட்ட சொற்கள் இருநூற்றுப் பதினாலு. புதிய சொல் வேண்டுமென்றால் சொல் துணைக்குழுவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர இரண்டு வருஷம் ஆகும். ஆர்ச்சி கண்ணை மூடி விரலை வைத்தார். விரல் இருந்த இடத்தைப் படித்தார்.

"மடாலயத்து மெழுகு."

"அட," என்றார் அபர்குரோம்பி. மறுபடி முகர்ந்தார். "ஆமா. பின்பக்கமா இருக்கு."

மதிப்பெண் படிவம் வந்தது. நூற்றுக்கு என்று மேலே அச்சிட்டிருந்தது. ஆனால் கட்டங்கள் எண்பத்து நாலில்தான் தொடங்கின.

"இதுக்குக் கீழ போடணும்னா?" என்று கேட்டார் ஆர்ச்சி.

"கட்டம் இல்ல," என்றார் மிஸ் ஸ்ட்ராங்.

"எப்பவாவது நல்லா இல்லாம வந்தா?"

"அப்ப எண்பத்து நாலு."

யாரும் கவனிக்காத இடத்தில் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்து ஆர்ச்சி எண்பத்து நாலில் ஒரு புள்ளி வைத்தார். மிஸ் ஸ்ட்ராங் எட்டிப் பார்த்து மூச்சை இழுத்தார்.

"மன்றத்தோட சரித்திரத்துலயே இது ரெண்டாவது எண்பத்து நாலு."

"முதல்ல போட்டவர் என்ன ஆனாரும்மா?"

"தெற்க போயிட்டார்."

"எவ்வளவு தெற்க?"

"இங்கிலாந்து."

ஆர்ச்சி ரப்பரை எடுத்து அழித்துவிட்டு எண்பத்தெட்டு போட்டார். எல்லோரும் எண்பத்தெட்டுதான் போட்டிருந்தார்கள். இரண்டாவது பீப்பாய்க்கும் எண்பத்தெட்டு. அதில் அபர்குரோம்பிக்கு ஒரு பிஷப்பின் நூலகம் தெரிந்தது. ஆர்ச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்து வரப்போகும் கோப்பையின் மேலேயே அவர் கண் இருந்தது. உள்ளங்கை வியர்த்தது. வியர்வை நாறுமோ, அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று அங்கியில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது கோப்பையின் மூடியை எடுத்தார்கள்.

மூடி மேசையைத் தொடுமுன்னே அவருக்குத் தெரிந்துவிட்டது. நனைந்த நாய். ஓடையில் விழுந்து எழுந்து, அடுப்புப் பக்கம் வந்து உடம்பை உதறிய நாய். அதற்குப் பின்னால் பழைய பூட்ஸ். பூட்ஸுக்குப் பின்னால், பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. வாயில் விட்டபோது தொண்டை அதை உள்ளே விட மறுத்தது. ஆர்ச்சி கண்ணில் நீர் வர விழுங்கினார். வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று ஏனோ நினைவு வந்தது.

அபர்குரோம்பி மூக்கைக் கோப்பையில் இறக்கினார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. நாலு நிமிஷம் கழித்து வெளியே எடுத்தார். முகம் சிவந்திருந்தது.

"இத யார் செஞ்சது?"

ஆர்ச்சி மூடியை எடுத்துத் தன் கோப்பையை மறுபடி மூடினார்.

"இருபத்தாறு வருஷமா இங்க உக்காந்திருக்கேன்," என்றார் அபர்குரோம்பி. "ஒரே விஸ்கி. வேற வேற கோப்பைல அதே விஸ்கி. பேரிக்காய்ம்பேன், நூலகம்பேன். என்ன பண்ணறது, ஏதாவது சொல்லணுமே. இன்னைக்குத்தான் முதல் முறையா என் மூக்குக்கு நிஜமாவே ஒண்ணு தட்டுப்படுது. இதுல ஒரு..." சொல் கிடைக்காமல் கையை ஆட்டினார்.

"நனைஞ்ச நாய்," என்றார் ஆர்ச்சி. பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பட்டியல்ல இல்ல," என்றார் மிஸ் ஸ்ட்ராங். பக்கத்தைப் புரட்டினார். "'மழையில் வேட்டை முடித்துத் திரும்பும் கனவானின் துணைவன்' இருக்கு."

"அதுதான்," என்று கத்தினார் அபர்குரோம்பி. "அதேதான்."

"அந்தத் துணைவனோட கழுத்துப் பட்டையும் இருக்கு," என்றார் க்ரைட்டன். "தோல். ரொம்ப வருஷம் உழைச்ச தோல்."

நாலு மூக்குகளும் இதுவரை ஆடாத வேகத்தில் ஆடின. தொண்ணூற்றேழு என்றார் தலைவர். படிவத்தில் கட்டங்கள் தொண்ணூற்றாறோடு முடிந்திருந்தன. மிஸ் ஸ்ட்ராங் இன்னொரு தாளைக் கத்தரித்து, பசை தடவி ஒட்டினார். பசையின் வாசனை போகும்வரை அரைமணி நேரம் எல்லோரும் வெளியே நின்றார்கள்.

திரும்பி வந்ததும் க்ரைட்டன் எழுந்து பேசினார். "இத்தனை வருஷமா நாம விக்கறது என்ன? வயசு. வயசுக்கு நாம ஒண்ணும் செய்யறதில்ல, அது பாட்டுக்கு ஆகுது. அதுக்கு ஒரு நல்ல பாட்டில் போட்டோம், அவ்வளவுதான். இப்ப முதல் தடவையா நாம என்னமோ செஞ்சிருக்கோம். என்ன செஞ்சோம்னு மட்டும் தெரிஞ்சுட்டா போதும், அத நம்ம மரபுன்னு அறிவிச்சுடலாம்."

"விதி முப்பத்தொண்ணு," என்றார் மிஸ் ஸ்ட்ராங். "தொண்ணூத்தஞ்சுக்கு மேல போனா செய்முறை விசாரணை."

எண்பத்தெட்டாம் வருஷத்து வடிப்புப் புத்தகம் வந்தது. மிஸ் ஸ்ட்ராங் விரலால் தடவிக்கொண்டே படித்தார். "பிப்ரவரி பதினெட்டு. வியாழன். வால் திருப்பிய நேரம் நாலு மணி. விசேஷம் ஒன்றுமில்லை. வடிப்புக்காரர்..." விரல் நின்றது. தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் நிமிர்த்தினார். "ஏ. மென்னி."

ஏழு மூக்குகளில் ஆறு திரும்பின. சுவரிலிருந்த பதினொன்றும் திரும்பியதுபோல இருந்தது ஆர்ச்சிக்கு.

"அன்னைக்கு வித்தியாசமா என்ன செஞ்சீங்க மிஸ்டர் மென்னி?"

"ஒண்ணும் செய்யல சார்."

அது உண்மைதான். அந்த ஒரு மணி பத்து நிமிஷமும் அவர் ஒன்றும் செய்யவில்லை.

"ஒண்ணும் செய்யாம தொண்ணூத்தேழு வராது," என்றார் அபர்குரோம்பி. "ஒண்ணும் செய்யாம எண்பத்தெட்டு வரும். அது எனக்கு நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தர்றேன். அதுக்குள்ள சொல்லலேன்னா, நிறுவனத்தோட ரகசியத்த நிறுவனத்துக்கிட்டயே மறைச்சதா ஆகும். அதுக்கு என்ன தண்டனை மிஸ் ஸ்ட்ராங்?"

"வேலை நீக்கம். வீடு காலி."

*

"சொன்னாலும் வீடு போகும், சொல்லலேன்னாலும் வீடு போகும்," என்றார் ஆர்ச்சி.

"அப்ப சொல்லிடு," என்றாள் எல்ஸ்பெத். "சொல்லாம போனா சாமானோட இந்தப் பாரத்தையும் தூக்கிட்டுப் போகணும். சொல்லிட்டா சாமான் மட்டும்தான்."

"உன் தங்கச்சி வீட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் இடம் இருக்குமா?"

"எனக்கு இருக்கும்," என்றாள் எல்ஸ்பெத். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கும்தான். கோழிக் கூண்டு பெரிசா கட்டியிருக்கா," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளை அங்கிக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, வெண்கல மூக்குகளுக்கு முன்னால் நின்று ஆர்ச்சி சொன்னார். குழந்தை அழுததைச் சொன்னார். கலத்தின் சூடு முதுகில் பட்டதைச் சொன்னார். புத்தகத்தில் பொய் எழுதியதைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மிஸ் ஸ்ட்ராங்கின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் தூங்கினீங்க?" என்றார் அபர்குரோம்பி.

"ஒரு மணி பத்து நிமிஷம் சார்."

"உக்காந்தா, படுத்தா?"

"உக்காந்து."

"தலை எந்தப் பக்கம்?"

"வடக்குப் பக்கமா இருந்திருக்கும்."

"குறட்டை உண்டா?"

"தெரியாது சார். தூங்கிட்டிருந்தேன்."

"குறட்டை: உறுதி செய்யப்படவில்லை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் மிஸ் ஸ்ட்ராங்.

அபர்குரோம்பி எழுந்தார். ஆர்ச்சி கண்ணை மூடிக்கொண்டார். நடந்து வரும் காலடி கேட்டது. பிறகு ஒரு கை அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது.

"எழுபது நிமிஷம்," என்றார் தலைவர். "எவ்வளவு எளிமை. நம்ம முன்னோர் யாருக்கும் இது தோணல பாருங்க."

"தூங்கி எடுத்த விஸ்கி," என்றார் க்ரைட்டன். கண்கள் பளபளத்தன. "இனிமே ஒவ்வொரு வியாழனும் நீங்க நாலு மணிக்குத் தூங்கணும்."

ஆர்ச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "சார், தூக்கம் எதுக்கு சார்? வாசனை வந்தது வால் கலந்ததால. கைப்பிடிய அஞ்சு பத்துக்குத் திருப்பினா போதும். நான் முழிச்சிட்டே திருப்பறேன்."

அறையில் காற்று மாறியது. தலைவரின் முகம் இறுகியது.

"வேணும்னே தாமதமாத் திருப்பறதா? விதி பன்னண்டுப்படி அது ஒழுங்கீனம், மிஸ்டர் மென்னி. இந்த வடிசாலைல தெரிஞ்சே யாரும் தப்பு செய்யக் கூடாது. தெரியாம செஞ்சா அது வேற. தூக்கத்துல செஞ்சா அது செய்முறை."

"மூணு ராத்திரி கண் முழிச்சது?" என்று நினைவூட்டினார் மிஸ் ஸ்ட்ராங். "அதுவும் செய்முறைல சேரும். அந்தக் குழந்தைய மறுபடி அழச் சொல்ல முடியுமா?"

"அவளுக்குப் பதினெட்டு வயசும்மா. எல்ஜின்ல முடி வெட்டற கடைல இருக்கா."

"பதினெட்டா?" என்றார் அபர்குரோம்பி மரியாதையாக. "சரியான வயசு." நாலு மூக்குகளும் ஆடின. ஆனால் குழந்தைக்குப் பதில் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாததால் அதைத் துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள்.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம். ஆர்ச்சியின் தூக்கம் இன்றுமுதல் நிறுவனத்தின் சொத்து. பகல் நேரத்தில் வேறு எந்த இடத்திலும், வேறு எந்தக் காரணத்துக்காகவும், சொந்த வீட்டிலும்கூட அவர் தூங்கக் கூடாது. வியாழன் நாலு மணிக்குத் தூங்காவிட்டாலும், தூங்குவதுபோல நடித்தாலும் வேலை நீக்கம், வீடு காலி. ஒழுங்காகத் தூங்கிவந்தால் வீடு ஆயுள் முழுவதற்கும். ஆர்ச்சி கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

"இந்த வடிப்ப எப்ப சார் முகருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பதினெட்டு வயசு ஆகட்டும்," என்றார் அபர்குரோம்பி. "அதுக்கு முன்னால இந்த மன்றம் எதையும் முகராது. அது குழந்தை."

*

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவர்கள் கலக்கூடத்துக்கு வந்தார்கள். தலைவர், க்ரைட்டன், மிஸ் ஸ்ட்ராங், நர்ஸ். நாலு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆர்ச்சிக்கு ஐந்தாவது, பழைய மர நாற்காலி, எண்பத்தெட்டாம் வருஷம் இருந்ததேதான். பண்டகசாலையிலிருந்து தேடி எடுத்துவந்து எண் ஒட்டியிருந்தார்கள். தலை வடக்குப் பக்கம் சாய ஒரு சின்னத் தலையணை.

"இயல்பா இருங்க," என்றார் அபர்குரோம்பி. "நாங்க இருக்கறதையே மறந்துடுங்க."

ஆர்ச்சி கண்ணை மூடினார்.

செப்புக் கலம் ஹும் என்று பாடிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நெஞ்சு நூல்போல விழுந்துகொண்டிருந்தது. இத்தனை விழிப்பாக அவர் வாழ்நாளில் இருந்ததில்லை. அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது தலையணைவரை கேட்டது. வீட்டை நினைத்தார், இன்னும் விழிப்பு வந்தது. வீட்டை நினைக்கக் கூடாது என்று நினைத்தார், அதைவிட விழிப்பு வந்தது.

"இமை ஆடுது," என்று கிசுகிசுத்தாள் நர்ஸ்.

"நடிக்கறாரா?" இது மிஸ் ஸ்ட்ராங்.

"எழுதிக்கறேன்."

ஆர்ச்சி இமையை அழுத்திப் பிடித்தார். மூச்சை நீளமாக விட்டார். அது மிகவும் நீளமாகிவிட்டதோ என்று பயந்து நடுவில் நிறுத்தினார். நிறுத்தியது தெரிந்திருக்குமோ என்று பயந்தார். பென்சில் கீறும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து அது மெதுவாகக் கீறியது. அப்புறம் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு கண்ணை ஒரு மயிரிழை திறந்தார்.

க்ரைட்டனின் தாடை மார்பில் கிடந்தது. நர்ஸ் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். மிஸ் ஸ்ட்ராங்கின் பென்சில் தரையில். அபர்குரோம்பி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். அந்த மூக்குக்குள்ளிருந்து வந்த சத்தம் கலத்தின் பாட்டை அமுக்கியது. கம்பளி உறை ஒவ்வொரு மூச்சுக்கும் உப்பி உப்பி அமுங்கியது.

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஒரு நிமிஷம் இருந்தது.

ஆர்ச்சி அசையாமல் இருந்தார். அசையாமல் இருந்தால் போதும். வால் தானாகக் கலக்கும். ஒப்பந்தம் நிறைவேறும். வீடு இருக்கும். முள் நகர்ந்தது. நாலு அடித்தது. கண்ணாடிக்குள் அந்த நூல் மெல்ல நிறம் மங்குவதை அவர் பார்த்தார். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத மங்கல் அது. அவர் கை எழுந்தது. தான் சொல்லி அது எழவில்லை, தானாகவே எழுந்தது என்று பிற்பாடு எல்ஸ்பெத்திடம் சத்தியம் செய்தார். பித்தளைக் கைப்பிடி திரும்பியது. வால் தன் தொட்டிக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நல்ல விஸ்கியை எடுத்துவிட்டார். திரும்பவும் மாற்றிவிடலாம் என்று கையை நீட்டினார். குறட்டை சட்டென்று நின்றது. கை அந்தரத்தில் நின்றது. மூச்சும் நின்றது. பிறகு குறட்டை மறுபடி தொடங்கியது, இன்னும் உரக்க. ஆர்ச்சி காலை ஊன்றாமல் நாற்காலிக்குத் திரும்பி, தலையை வடக்கே சாய்த்து, கண்ணை மூடி, உடம்பெல்லாம் வியர்க்க ஒரு மணி பத்து நிமிஷம் அப்படியே இருந்தார். அவர்கள் யாரும் எழவில்லை. இன்னும் கால்மணி கழித்து அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினார்.

மிஸ் ஸ்ட்ராங் திடுக்கிட்டு விழித்து, பென்சிலைத் தேடி எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். தலைவர் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். க்ரைட்டன் தான் ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"நல்லாத் தூங்கினீங்க மிஸ்டர் மென்னி," என்றார் அபர்குரோம்பி. "நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"குறட்டை?" என்று கேட்டார் மிஸ் ஸ்ட்ராங்.

"காதுல விழுந்துச்சே," என்றார் தலைவர். "பலமா."

"குறட்டை: உறுதி செய்யப்பட்டது," என்று எழுதினார் மிஸ் ஸ்ட்ராங்.

*

ஆர்ச்சி வீட்டுக்கு வந்தபோது மே மாதத்து வெயில் இன்னும் ராஸ்பெரிச் செடிமேல் இருந்தது. வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசைமுன் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். எல்ஸ்பெத் இடையில் பேசாமல் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நல்ல விஸ்கி எடுத்துட்ட."

"ஆமா."

"அது எப்ப தெரியும் அவங்களுக்கு?"

"பதினெட்டு வருஷம் கழிச்சு. மூடியத் திறந்த உடனே தெரிஞ்சுடும். நாயும் இருக்காது, பூட்ஸும் இருக்காது. எண்பத்தெட்டுதான் வரும்."

"அப்ப அந்த அபர்குரோம்பி மூக்கு எங்க இருக்கும்?"

ஆர்ச்சி யோசித்தார். "சுவத்துல."

"பின்ன என்ன?"

"அடுத்த வியாழன் இருக்கே. அதுக்கடுத்த வியாழன் இருக்கே. அவங்க முழிச்சிருந்து பாத்துட்டா?"

"ஏன் ஆர்ச்சி," என்றாள் எல்ஸ்பெத், "முப்பத்தஞ்சு வருஷமா அங்க நிக்கற. மத்தியானத்துல, அந்தச் சூட்டுல, ஒரு வேலையும் இல்லாம நாற்காலி போட்டு உக்காந்த எவனாவது முழிச்சிருந்து பாத்திருக்கியா?"

ஆர்ச்சி தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். தட்டில் வெங்காயத்தோடு வதக்கிய கறி இருந்தது. ஒரு கரண்டி எடுத்தார். கரண்டி வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. தலை மெல்லச் சாய்ந்து, எந்தத் திக்கு என்று யாரும் குறிக்காத ஒரு பக்கமாகத் தோளில் இறங்கியது.

எல்ஸ்பெத் கரண்டியை அவர் விரல்களிலிருந்து விடுவித்துத் தட்டில் வைத்தாள். மணி ஆறேகால்; வெளியே இன்னும் பகல்தான். வடிசாலையிலிருந்து வரும் சாலையில் மிஸ் ஸ்ட்ராங்கின் சைக்கிள் தெரிந்தது. எல்ஸ்பெத் ஓசைப்படாமல் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.